பறிக்காமல் விட்ட முந்திரிகை

நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்தவர் எவரும் ஊருக்குத் திரும்பிப் போவதில்லை என்று எங்கள் குடும்பம் அந்நாட்களில் நம்பியது. இதை முதலில் யார் சொல்லிவைத்தார்களென்று எனக்குத் தெரியாது. ஆனால் சான்றுகள் இருந்தன. மூன்று மாதம் நின்றுவிட்டுப் போவதாக வந்த என் கணவரின் சித்தப்பா, நீர்வீழ்ச்சிக் கரையின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் நின்றார். அடுத்த மாதமே தமக்கென்று பனிச்சப்பாத்து வாங்கினார். ஊரை நினைத்து அழுதுகொண்டேயிருந்த மைத்துனி ஒருத்தி, அங்கே போய்ச் சாரலில் நனைந்து வந்த பிறகு அழுகையை நிறுத்தினாள். திரும்பிப் போனவர் ஒரேயொருவர்தான். அவர் போன அன்று பனிப்புகார் மூடி நீர்வீழ்ச்சி தெரியவில்லை என்பதால் அவரை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு கார்த்திகை மாதம், என் அக்காவின் கணவர், ரொறன்ரோ அருகே மில்லிக்கனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, "தை முடிய நாங்கள் ஊருக்கு வெளிக்கிடுறம்" என்று சொன்னபோது என் கணவர் வாதாடவில்லை.

"அதுக்கு முதல் ஒருக்கா நயாகராவைப் பாத்திட்டுப் போங்கோ அண்ணை," என்று சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் தெரியும்படி புருவத்தை உயர்த்தினார்.

அக்காவும் அத்தானும் அந்த ஆண்டுச் சித்திரையில் வந்தவர்கள். அவர்களை அழைத்த மகன் வேலை நிமித்தம் மேற்கே வெகு தொலைவுக்குப் போய்விட்டதால் எங்களோடு தங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் அத்தானுக்கு முந்திரிகைத் தோட்டம் இருந்தது. திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றே சொல்வோம். தலைக்கு மேலே பந்தலிட்டு, அதன்மீது கொடியைப் படரவிட்டு, கீழே நின்று அண்ணாந்து குலை பறிக்கும் தோட்டம் அது. போர் நெருங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் எழுந்து பாலத்தைக் கடந்து நடந்த அந்த ஐப்பசியில், பந்தல் நிறையப் பழத்தோடு அதை விட்டுவிட்டு அவர்களும் நடந்தார்கள். வன்னியில் சில காலம், கொழும்பில் சில காலம், பிறகு கனடா. இதற்கிடையில் ஊருக்குத் திரும்பிவிட்ட அத்தானின் தம்பி, கொடிகள் சாகவில்லை, ஆனால் வெட்டுவாரில்லாமல் காடு பற்றிக் கிடக்கின்றன என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். வந்த நாளிலிருந்து அத்தான் அந்தச் செய்தியையே மென்றுகொண்டிருந்தார்.

அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் அக்கா எழுந்து குசினிக்குப் போய் எதையாவது கழுவுவாள். அன்றும் போனாள். நான் பின்னால் போனேன். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளை அவள் மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீயும் போகப்போறியோ அக்கா?"

"அவர் போனால் நான் போகத்தானே வேணும்."

"உனக்கு விருப்பமோ எண்டு கேக்கிறன்."

தண்ணீரை நிறுத்தினாள். "இன்னொருக்கா உலையை அடுப்பிலை வைச்சிட்டு ஓட என்னாலை ஏலாதடி. இதை எப்பிடி அவருக்குச் சொல்லுறது? அவர் கொடியைப் பற்றிக் கதைக்கிறார். நான் என்ரை காலைப் பற்றியெல்லோ கதைக்கவேணும்."

அவர்கள் மணம் முடித்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அத்தான் கடுமையான மனிதரல்லர். ஆயினும் அந்த முப்பது ஆண்டுகளில் 'நான் வரவில்லை' என்ற சொல்லை அவள் அவரிடம் சொல்ல நேர்ந்ததில்லை. எப்படிச் சொல்வதென்றே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கோ, பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பக் கிடைத்த ஒரேயொரு உடன்பிறப்பு அவள். நீர்வீழ்ச்சியைப் பற்றிய குடும்ப நம்பிக்கையில் எனக்குப் பெரிதாகப் பிடிப்பு இருந்ததில்லை. அந்தக் கார்த்திகையில் மட்டும் அது உண்மையாக இருக்கட்டும் என்று விரும்பினேன்.

நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்மஸ் விடுமுறையில் ஒரு நாள் நால்வரும் எங்கள் வான் வண்டியில் புறப்பட்டோம். திருவெம்பாவைக் காலம் என்பதால் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை. அக்கா தோசையும் சம்பலும் உளுந்து வடையும் கட்டியெடுத்தாள். நான் போத்தலில் தேநீர் எடுத்தேன்.

குளிர்கால நீர்வீழ்ச்சி கோடையில் பார்ப்பதைவிட வேறானது. சாரல் பட்ட மரங்கள் கண்ணாடிக் கிளைகளோடு நிற்கும்; விளக்குக் கம்பங்களும் வேலியும் பனிக்கட்டிக்குள் உறைந்திருக்கும்; அந்த வெண்மைக்கு நடுவில் பச்சையாகத் தண்ணீர் மட்டும் ஓயாமல் விழும். குரங்குத்தொப்பியும் இரண்டு மேலங்கியும் அணிந்த அத்தான் வேலியோரம் நின்று நெடுநேரம் பார்த்தார். என் கணவர் அவருடைய முகத்தைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களைப் போல நின்றோம்.

கடைசியில் அத்தான் திரும்பினார்.

"தம்பி, இவ்வளவு தண்ணியும் எங்கை போகுது?"

"கீழை போகுது அண்ணை."

"அது தெரியுது. கீழை போய்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நாங்கள் யாரையெல்லாமோ அழைத்து வந்து அந்த இடத்தில் நின்று படம் எடுத்திருக்கிறோம். விழுந்த பிறகு தண்ணீர் என்ன ஆகிறதென்று ஒருவரும் கேட்டதில்லை. வானுக்குப் போய் வரைபடத்தை எடுத்து மடியில் விரித்தேன். ஆறு வடக்கே போய், கரையோரத்தில் ஒரு சிறிய பழைய ஊரைத் தொட்டு, ஒன்ராறியோ ஏரியில் விழுந்தது. எங்கள் ரொறன்ரோவின் காலடியில் கிடக்கும் அதே ஏரி.

"அப்ப அந்த வாயைக் காட்டுங்கோ," என்றார் அத்தான். "தலையைப் பாத்தாச்சு."

என் கணவருக்கு அதில் விருப்பமில்லை. ஆறு ஏரியில் சேரும் இடத்திலுள்ள நயாகரா ஒன் த லேக் என்ற அந்த ஊரைப் பற்றி எங்கள் ஆட்களிடையே ஒரேயொரு தகவல்தான் உலவியது: அது வைன் ஊர்.

"அங்கை ஒண்டுமில்லை அண்ணை. குடிக்கிற ஆக்கள்தான் போறது."

"குடிக்கிற ஊரெண்டால் குடியாதவன் போய்ப் பாக்கப்படாதோ? என்ன சட்டமோ உங்கடை நாட்டிலை?"

அக்கா சிரித்துவிட்டாள். போனோம்.

ஆற்றோரமாகவே ஒரு வீதி போகிறது. முதலில் ஆறு கண்ணுக்குத் தெரியாது. வெகு ஆழத்தில், பாறைச் சுவர்களுக்கிடையே இருக்கும். ஓரிடத்தில் அது வளைந்து திரும்பும்போது பெரிய சுழியாகச் சுற்றுகிறது. அத்தான் அங்கே இறங்கி, ஒரு மரக்குற்றி சுழிக்குள் அகப்பட்டுச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது வெளியே வருகிறதா என்று அறியாமல் ஏற மாட்டேனென்று சொல்லிவிட்டார். வந்தது. ஏறினார். பிறகு மேட்டு நிலம் சட்டென்று முடிந்து வீதி கீழே இறங்கியது. மேலே அவ்வளவு கூச்சலிட்ட ஆறு, அங்கே குளத்துத் தண்ணீரைப் போல அகன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அக்கரையில் வீடுகளும் மரங்களும் தெரிந்தன.

"அங்காலை?"

"அமெரிக்கா."

"இவ்வளவு கிட்டவோ! நீந்திப் போயிடலாமே."

"அங்கையிருந்து இங்காலை வரத்தான் எங்கடை சனம் பட்ட பாடு, அண்ணை. நீங்கள் திருப்பிப் போக வழி பாக்கிறியள்."

எந்தப் பக்கம் போவதென்றாலும் அத்தான் திரும்பிப் போகத்தான் வழி பார்க்கிறார் என்பது நால்வருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். என் கணவர் கையை நீட்டி வானின் சூட்டைக் கூட்டினார்.

ஊர் சின்னது. அகன்ற தெரு, அதன் நடுவில் மணிக்கூட்டுக் கோபுரம், இருபுறமும் மரத்தாலான பழைய கடைகள். குதிரை வண்டியொன்று கம்பளி போர்த்திய இருவரை ஏற்றிக்கொண்டு போனது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஆற்றுக்காக இரண்டு தேசத்துப் படைகள் இங்கே அடித்துக்கொண்டன என்று ஒரு பலகையில் எழுதியிருந்தது, ஊரையே கொளுத்தினார்களாம். நான் அதை வாசித்துத் தமிழில் சொல்ல, அத்தான் அங்கிருந்த பழைய கோட்டையின் கூர்மரவேலியை வெளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"கொளுத்தின பிறகு சனம் திரும்பி வந்ததோ?"

"வந்ததாம். திரும்பக் கட்டினதாம்."

"பாத்தீரே," என்றார் அக்காவிடம். அக்கா தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தாள். நான் அந்தப் பலகையை வாசிக்காமல் விட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

ஆற்றின் வாய் ஒரு சிறிய பூங்காவின் முன்னால் இருந்தது. குளிரில் யாருமில்லை. ஆறு முடியும் இடத்தில் கோடெதுவும் இல்லை. கரைகள் விலகிப் போய்விட, தண்ணீர் மட்டும் மிஞ்சியது. வானம் தெளிவாக இருந்ததால் ஏரிக்கு அப்பால் ரொறன்ரோவின் உயரமான கோபுரம் ஊசிபோலத் தெரிந்தது. அதைச் சுற்றி நகரம் மங்கலாக, தண்ணீரில் மிதப்பதுபோல.

"அங்கை தெரியிறது நாங்கள் இருக்கிற இடமோ?" என்று கேட்டார் அத்தான். ஓம் என்றேன். இருக்கிற இடத்தை வெளியிலிருந்து பார்த்தது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். நீர்வீழ்ச்சியைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

திரும்பும்போது என் கணவர் நெடுஞ்சாலையைப் பிடிப்பதற்காகத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்குவீதியில் விட்டார். இருபுறமும் திராட்சை. எங்கள் ஊரைப் போலப் பந்தல் இல்லை. கம்பிகளில் இடுப்பளவு, மார்பளவு உயரத்துக்குக் கட்டி, வரிவரியாக. இலையெல்லாம் உதிர்ந்து கறுத்த தடிகள் மட்டும் நின்றன. அத்தான் கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நிப்பாட்டுங்கோ! தம்பி, நிப்பாட்டுங்கோ!"

வலையால் மூடிய ஒரு தோட்டம். வலைக்குள்ளே, இலையில்லாத கொடிகளில், குலை குலையாகப் பழம் தொங்கியது. தோல் சுருங்கிப் பழுப்பேறியிருந்தது. மார்கழிப் பனியில், பறிப்பாரில்லாமல், வரி முழுவதும் அப்படியே.

அத்தான் வானை விட்டு இறங்கி வீதியோரத்தில் நின்றார். நாங்களும் இறங்கினோம்.

"செத்த வீடு," என்றார்.

"என்ன அத்தான்?"

"இந்தத் தோட்டக்காரன் வீட்டிலை ஆரோ செத்துப்போச்சினம் பிள்ளை. இல்லாட்டி அவனே படுத்த படுக்கை. பழுத்த பழத்தைச் சும்மா ஆரும் விடுவினமோ? பக்கத்துத் தோட்டமெல்லாம் பறிச்சாச்சு. இது மட்டும் நிக்குது."

என் கணவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "இருக்கும் அண்ணை. ஏறுங்கோ, குளிருது," என்றார்.

"ஏறுறதோ? போய்க் கேக்கவேணும்."

"ஆரை?"

"வீட்டுக்காரரை. தோட்டம் அழியிறதைக் கண்டிட்டுக் கேக்காமல் போறதோ? எங்கடையை ஆரும் வந்து கேக்கேல்லை. கேக்க ஆக்கள் இல்லை. இஞ்சை நாங்கள் நிக்கிறமே."

வரிகளின் முடிவில் வெள்ளை மரவீடு ஒன்றும் சிவப்புக் கொட்டில் ஒன்றும் தெரிந்தன. புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, அடுப்பு எரிகிறதே, இழவு வீடாக இருக்காது என்று என் கணவர் கடைசியாக ஒரு வாதம் வைத்தார். "அது குளிருக்கு எரியிறது," என்றார் அத்தான்.

அதற்குள் அக்கா வானிலிருந்து வடைப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். இழவு நடந்த வீட்டில் சமைக்க மாட்டார்கள். அயலவர்தான் சாப்பாடு கொண்டுபோவார்கள். வெறுங்கையோடு எப்படிப் போவது என்பது அவள் கணக்கு.

"நல்ல காலம் திருவெம்பாவை," என்று என் கணவர் என் காதருகே முணுமுணுத்தார். "இல்லாட்டி மட்டன் ரோல்ஸோடை போய் நிண்டிருப்பம்."

கதவைத் திறந்தவள் அக்காவின் வயதுடைய ஒரு வெள்ளைக்காரப் பெண். இறப்பர்ச் சப்பாத்தும் ஆண்களின் கம்பளிச் சட்டையும் அணிந்திருந்தாள். வாசலில் நின்ற நான்கு பேரையும், அக்காவின் கையிலிருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பேசவேண்டியவள் நான். வாழ்க்கையில் எத்தனையோ ஆங்கிலக் கதைகளை வாசித்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்பதற்கான ஆங்கிலம் அவற்றில் எங்கும் இருந்ததாக நினைவில்லை. தோட்டத்தில் பழம் பறிக்காமல் நிற்பதைக் கண்டோம், வீட்டில் ஏதும் துன்பமோ என்று விசாரிக்க வந்தோம், என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது என்பது எனக்குத் தெரிந்தது, அதை அடக்கிக்கொண்டாள். பிறகு தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்நியர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று இதுவரை யோசித்ததில்லை என்றாள். யாரும் இறக்கவில்லை, கணவர் கொட்டிலில் ஏதோ இயந்திரத்தோடு சண்டை பிடிக்கிறார், உள்ளே வாருங்கள், சூடு வெளியே போகிறது.

அவளுடைய சமையலறையில் நின்றுதான் அந்த விசித்திரத்தை அறிந்துகொண்டோம். பழத்தை வேண்டுமென்றே விடுகிறார்கள். பெருங்குளிர் வரும்வரை விடுகிறார்கள். கொடியிலேயே பழம் கல்லாக உறைந்த பிறகு, அது இளகுவதற்கு முன் பறித்து, உறைந்தபடியே பிழிகிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக உள்ளே நின்றுவிட, தேன்போல ஒரு சாறு மட்டும் சொட்டுச் சொட்டாக வரும். அதில் இனிப்பான ஒரு வைன் செய்கிறார்கள்.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அத்தான் என்னை நம்பவில்லை.

"குளிர் வராட்டி?"

கேட்டுச் சொன்னேன். "வராட்டில் போச்சுத்தானாம்."

"குருவி தின்னாதோ?"

"வலைக்குள்ளாலையும் தின்னுமாம்."

"மழை பெய்தால்?"

"அழுகிப் போமாம்."

"அப்ப இது தோட்டமோ, சூதாட்டமோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். அந்தப் பெண் இப்போது அடக்காமல் சிரித்து, தன் கணவரும் இதைத்தான் கேட்பார் என்றாள். அடுத்து அவள் கேட்கத் தொடங்கினாள். எங்கள் ஊரில் திராட்சை விளையுமா? பனியே இல்லாத ஊரிலா? அப்படியானால் கொடி எப்போது ஓய்வெடுக்கும்? அத்தான் கைகளை உயர்த்திச் சமையலறைக் கூரையைப் பந்தலாக்கிக் காட்டினார். கொடி தானாக ஓயாது, நாங்கள்தான் தண்ணீரை மறித்து, கிளையை வெட்டி, அதை நித்திரையாக்குவோம். பிறகு தண்ணீர் விட்டு எழுப்புவோம். ஆண்டில் இரண்டு தரம் காய்க்கும் என்றார். இதை நான் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை, சற்றுமுன் அத்தான் என்னைப் பார்த்த அதே பார்வை. இரண்டு பக்கமும் என்னைப் பொய்க்காரி என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தாள். இழவில்லாவிட்டாலும் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதென்றாள். அந்தப் பெண் வடையை முகர்ந்து, கடித்து, நடுவில் ஏன் ஓட்டை என்று கேட்டாள். அக்கா இன்னொரு வடையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

புறப்படும்போது அவள் எங்கள் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டாள். குளிர் வந்ததும் பறிப்புக்குக் கை போதாது, அக்கம்பக்கத்தவர்கள் எல்லோரும் வருவார்கள், விருப்பமென்றால் நீங்களும் வாருங்கள் என்றாள்.

அதன் பின்னர் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. வந்த நாளிலிருந்து குளிரைத் திட்டிக்கொண்டிருந்த அத்தான், மாலைதோறும் தொலைக்காட்சியில் காலநிலை அறிக்கைக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். அந்தக் குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக இளகிப்போயிருந்தது. பனி பெய்யும், மறுநாள் உருகும். வீதியில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். அத்தான் மட்டும் சாளரத்தில் நின்று, "சீ, இண்டைக்கும் வெயில்," என்றார். என் கணவர் பயணச்சீட்டைப் பற்றிக் கேட்டபோது, "பொறுங்கோ தம்பி, அந்தக் குளிர் ஒருக்கா வரட்டும். அந்த மனுசியின்ரை பழத்துக்கு என்ன நடக்குதெண்டு பாக்கவேணும்," என்றார்.

தைப்பொங்கலும் முடிந்தது. அக்காவும் காலநிலை அறிக்கையைப் பார்த்தாள். அவள் பார்த்த காரணம் வேறு. குளிர் வந்துவிட்டால் தவணை முடிந்துவிடும். ஒரே தொலைக்காட்சிக்கு முன்னால் கணவன் குளிரையும் மனைவி வெயிலையும் வேண்டிக்கொண்டு அருகருகே இருந்தார்கள். நடுவில் நான் இருந்தேன்.

குளிர் வந்தது. ஒரு பிற்பகல் அந்தப் பெண் அழைத்தாள். இருட்டிலேயே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்றும், நாங்கள் விடிய வந்தால் போதும் என்றும் சொன்னாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. மூச்சு விட்டால் மூக்குக்குள்ளே மயிர் உறைந்து முட்களாகக் குத்தும் குளிர். வரிகளுக்கிடையே பத்துப் பன்னிரண்டு பேர், கண் மட்டும் தெரிய மூடிக் கட்டிக்கொண்டு, குலைகளை வெட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழம் பெட்டியில் விழும்போது கண்ணாடிப் போளை விழுவதுபோலக் கலகலவென்று ஓசை வந்தது. அத்தான் ஒரு பழத்தைக் கையுறை விரல்களுக்கிடையே வைத்து நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. தொப்பிக்குள்ளே அவருடைய கண்கள் விரிந்ததைக் கண்டேன்.

எங்களுக்கும் கத்தரிக்கோல் தந்தார்கள். கொடிவரிக்கு ஒரு பக்கம் அத்தான், மறுபக்கம் அக்கா. நான் அடுத்த வரியில் அவர்களுக்குச் சற்றுப் பின்னால் நின்றேன். ஊரில் தோட்டவேலைக்கு அக்கா போனதில்லை. பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நிற்பவர்களுக்கு ஒருவரையொருவர் பார்க்க முடியாது என்று அத்தான் ஒருமுறை சொல்லியிருந்தார். இங்கே கொடி மார்பளவுதான். இருவருக்கும் நடுவே கம்பியும் தடியும் குலையும். அதற்கு மேலே இரண்டு சோடிக் கண்கள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் அக்கா.

"ம்."

"நான் வரேல்லை."

"எங்கை?"

"ஊருக்கு. நீங்கள் போங்கோ, நான் மறிக்கேல்லை. நான் வரேல்லை."

அத்தானின் கத்தரிக்கோல் நின்றது. அக்காவினது நிற்கவில்லை; இரண்டு குலை வெட்டும் ஓசை கேட்டது.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

"கேட்டனானே."

"என்னென்ன கொண்டுபோகவேணும் எண்டு கேட்டனீங்கள். வாறீரோ எண்டு கேக்கேல்லை."

அடுத்த வரியில் யாரோ ஏதோ சொல்லச் சிலர் சிரித்தார்கள். அத்தான் கொடியைப் பார்த்தபடி நின்றார். நான் குனிந்து, வெட்டவேண்டிய தேவையில்லாத ஒரு காம்பை வெட்டினேன்.

"இனி ஓட ஏலாது என்னாலை," என்றாள் அக்கா. "திரும்ப அடிச்சால் திரும்ப ஓடவேணும். அண்டைக்கு நடந்த காலோடைதான் இண்டைக்கும் நிக்கிறன்."

அத்தான் மறுபடியும் இரண்டு குலை வெட்டிவிட்டுக் கேட்டார். "கால் விறைக்குதோ?"

"விறைக்குது."

"அப்ப போய் அந்தக் கொட்டிலுக்கை நில்லும்."

"இந்த வரியை முடிச்சிட்டுப் போறன்."

முடித்தாள். இருவரும் சேர்ந்தே முடித்தார்கள்.

கொட்டிலில் பிழிபொறியின் அடியிலிருந்து பொன்னிறமாக நூல்போல ஒரு சாறு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் புளிக்க வைக்காத சாறு, வெறும் பழச்சாறுதான் என்று நான் உறுதி சொன்ன பிறகு அத்தான் ஒரு சின்னக் குவளையில் வாங்கி நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு குவளையை அக்காவிடம் நீட்டினார். அவள் குடித்துவிட்டு, "சீனிப்பாணி மாதிரி இருக்கு," என்றாள். அத்தான் அந்த ஒப்புமையை ஏற்கவில்லை. வழி முழுவதும் அதற்கு வேறு பெயர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

ரொறன்ரோவின் கட்டடங்கள் தெரியத் தொடங்கியபோது பேசினார்.

"தம்பி, ரிக்கற் ஒண்டு மட்டும் போடுங்கோ."

என் கணவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "ஓம் அண்ணை."

"போக, வர ரெண்டுக்கும் சேர்த்துப் போடுங்கோ."

பின்னால் என்னருகில் இருந்த அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை என் கைக்குள் வந்தது. இன்னும் குளிர்ந்துபோயிருந்தது.

அத்தான் மாசியில் போனார். போரால் தரைவழி மூடியிருந்ததால் திருகோணமலையில் கப்பலுக்குப் பல நாள் காத்திருந்து ஊர் சேர்ந்தார். காடு பற்றிய கொடிகளில் பாதிக்கு மேல் தேறின, மீதியை வெட்டினார், தோட்டத்தைத் தம்பியிடம் ஒப்படைத்தார். அவர் வரமாட்டார் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அக்கா பேருந்தில் வேலைக்குப் போய் வந்தாள், மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போனாள். ஆவணி தொடக்கத்தில் ஒரு நாள், விமான நிலையத்தின் தானியங்கிக் கதவுகளுக்கு அப்பால், முன்பு கொண்டுபோன அதே இரண்டு மேலங்கிகளையும் அந்த வெயிலில் கையில் சுமந்துகொண்டு அத்தான் நின்றார்.

அதற்குப் பிறகு வந்த கோடைகளில் ஆற்றின் தலைப்பக்கத்துக்கு நாங்கள் போனது குறைவு. வாய்ப்பக்கத்துக்கே போனோம். ஆற்றோரமாகச் சைக்கிள் ஓட்டுவதற்கென்று ஒரு பாதை இருக்கிறது. பீச் மரத் தோட்டங்களுக்கும் தண்ணீருக்கும் இடையில் அது வளைந்து வளைந்து போகும். வாடகைக்கு எடுத்த சைக்கிளில் அத்தான் யாழ்ப்பாணத்து ஆண்களுக்கேயுரிய நேர்முதுகோடு, அவசரமின்றி மிதித்துப் போவார். பின்னால் கரியர் இல்லாத சைக்கிளைச் சைக்கிளென்றே சொல்ல முடியாது என்பது அவருடைய தீர்மானம். "இருந்திருந்தால் மட்டும் நான் ஏறியிருப்பனோ?" என்பாள் அக்கா. வழியிலுள்ள பழத்தட்டிக் கடைகளில் செரி வாங்கி, புல்லில் இருந்து தின்போம். அந்தத் தோட்டத்துப் பெண் ஒரு பங்குனியில் அத்தானுக்கு ஒரு வரியைக் கொடுத்து, உங்கள் முறைப்படி கத்தரித்துப் பாருங்கள் என்றாள். அவர் அதிகமாக வெட்டிவிட்டாரென்று அவள் சொன்னாள். அவள் மிச்சம் வைப்பது அதிகமென்று அவர் சொன்னார். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

என் கணவர் முதலில் காலமானார். சில ஆண்டுகள் கழித்து, ஒரு வைகாசியில், அத்தான். இப்போது ரொறன்ரோவுக்கு வடக்கே யூனியன்வில்லில் ஒரு சிறிய வீட்டில் அக்காவும் நானும் இருக்கிறோம்.